கெலாவின் கொம்பு

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு சொல்லைக் கேட்டால் அது எங்கே பிறந்தது என்று கண்டுபிடித்தே தீருவேன். முடியாவிட்டால் நானே ஒரு பூர்வீகம் கட்டி விட்டுவிடுவேன்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். ஜப்பான் மொழியில் நாற்பது சொல் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில். (அந்த வேலை இருக்கும்வரைதான் போனவர் பலர் திரும்பி வராத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் அனுப்பும் பட்டியலில் என் பெயர் ஏறாது.)

ஒருநாள் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்குப் புது ஜப்பான் அதிகாரி வருவதாக இருந்தது. அவருக்குக் கொடுக்க, ஆற்றில் பிடித்த பெரிய மீன் ஒன்றைக் கங்காணி முனியாண்டி தோளில் தூக்கி வந்தார். நம் கெண்டைக்குப் பெரியண்ணன் மாதிரி இருந்தது.

"கெலா மீனு, தம்பி."

"கெலா இல்லண்ணே, கலா! மலாய்ல கலான்னா தோத்துப்போறது. தூண்டில் போட்டவன் தோத்துப்போவான், அதான் அந்தப் பேரு. நீங்கதான் கொம்பு போட்டுக் கெடுத்துட்டீங்க."

"மலாய்க்காரங்களே கெலான்னுதான் சொல்றாங்கலா!"

"அவங்களுக்குத் தெரியாது." (எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.)

அதிகாரி வந்தார். மீனைக் காட்டிப் பெயர் கேட்டார். குனிந்து வணங்கி, ஐயா என்பதற்கான மலாய்ச் சொல்லும் சேர்த்து, "கலா, துவான்!" என்றேன்.

அவருக்கும் அரைகுறை மலாய் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அவர் முகம் இறுகியது.

"சியாப்பா கலா?"

யார் தோற்றது என்று கேட்கிறார். மீன் யாருக்கு என்று கேட்பதாக எனக்குப் பட்டது. நெஞ்சை நிமிர்த்தி, ஜப்பானுக்குத்தான் என்று அவர்கள் மொழியிலேயே, களம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னேன்:

"நிப்போன்!"

விழுந்தது அறை. நாற்பது சொல்லும் காது வழியாக வெளியேறின. "சயாம்!" என்று அவர் கத்தியது மட்டும் கேட்டது. அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.

கங்காணி மீனோடு குறுக்கே விழுந்து, அது மீனின் பெயர் என்று மலாயில் கத்தினார். "கெலா, துவான்! இகான் கெலா! இவன் போடோ, துவான், சுத்த முட்டாள்!"

அதிகாரியின் மலாய் டிரைவரும் ஆமாம் என்று தலையாட்டினார். அதிகாரி மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முட்டாள் என்பதை நம்ப அவருக்குச் சிரமமே இல்லை. சிரித்துவிட்டார். சயாம் போய், வேறு தண்டனை வந்தது: பெரட்டு கலையும்வரை மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "கெலா! கெலா!" என்று நான் கத்த வேண்டும். தோட்டமே பார்த்தது. பார்த்தவர்களில் ஒருத்தி பிற்பாடு என் மனைவியானாள்.

கெலா என்றால் என்ன அர்த்தம் என்று இன்றுவரை எந்த மலாய் நண்பரும் எனக்குச் சொன்னதில்லை.

ஜப்பான் சரணடைந்த சேதி வந்த அன்று கங்காணி ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். "தம்பி, நீ அன்னைக்கே சொல்லிட்டியேலா!"

இப்போதும் எங்கள் வீட்டில் கேரம் ஆட்டம் முடிந்ததும், "சியாப்பா கலா?" என்று என் மனைவி கேட்பாள். தோற்றவர் எழுந்து நின்று "நிப்போன்!" என்று கத்த வேண்டும். பெரும்பாலும் நான்தான் கத்துகிறேன்.