மூக்கு மாஸ்டர் மோந்து பார்த்த சட்டை

செருப்புக் கடைக்கு மேலே இருந்த மாடி அறைக்கு அதுவரை யாரும் ஏறிப் போனதில்லை. மூக்கு மாஸ்டர் வந்து உட்கார்ந்த மூன்றாம் வாரம், படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. பைக்குள் நேற்று போட்டுக் கழற்றிய அழுக்குச் சட்டை. துவைத்தால் சட்டையிலிருந்து நோய் போய்விடுமாம். அப்படியானால் சோப்பே போதுமே என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாஸ்டர் சட்டையை வாங்குவார். கண்ணை மூடுவார். அக்குள் பக்கமாக ஒரு நீண்ட மூச்சு இழுப்பார். அதற்கென்று தனித் துணிச்சல் வேண்டும், நான் மறுக்கவில்லை. பிறகு, "இடது தோள்ல வலி. மருமகளோட மனஸ்தாபம்" என்பார். வந்தவர் வாயைப் பிளப்பார். பதினேழு வகை வாசனை எண்ணெயில் ஒரு குப்பி கைக்கு வரும். லாவெண்டர் தூக்கத்துக்கு, புதினா தலைவலிக்கு என்று உலகம் சொல்வதோடு மாஸ்டர் நிற்கவில்லை. ஏழாம் நம்பர் சர்க்கரை நோய்க்கு, ஒன்பது சிறுநீரகக் கல்லுக்கு, பதினேழு பதவி உயர்வுக்கு.

ஏழாம் நம்பர் வாங்கியவர்களில் ஒருவர் எலக்ட்ரீஷியன். தெருமுனைத் தையல்கடை அக்காவின் கணவர். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்தக் கம்பியையும் தொடமாட்டார். மாஸ்டரிடம் போன அன்று மட்டும் டெஸ்டரை வீட்டில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. பத்து வருடமாகச் சாப்பிட்ட மாத்திரையை நிறுத்தினார். கைக்குட்டையில் காலையில் மூன்று துளி, மாலையில் மூன்று துளி. வீடே பூக்கடையாக மணத்தது. கால் கட்டைவிரலில் செருப்பு கடித்த புண் மட்டும் ஆறவில்லை.

"என்னங்க, புண்ணு கறுத்துக்கிட்டு வருது. மாத்திரையைப் போடுங்க" என்றாள் அக்கா.

"உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் அந்த வழியா வெளிய வருதாம். மாஸ்டர் சொன்னாரு."

"வந்து முடிஞ்சா வழி மூடணும்ல? இது அகலமாகிட்டே போகுதே."

"உனக்கு நம்பிக்கை இல்ல. அதான் உன் மூக்குல எதுவும் ஏற மாட்டேங்குது."

அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைத்த பழக்கம் அக்காவுக்கு இல்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, அந்தப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். சும்மா வேடிக்கை பார்த்தாள்.

வரிசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தாள். எல்லாரிடமும் தாயாகப் பேசினாள். என்ன தொந்தரவு, வீட்டில் யார் யார், மருமகள் எப்படி என்று விசாரித்தாள். ஆனால் அவளுடைய முறை மட்டும் வரவே இல்லை. அரை மணிக்கொரு தடவை தண்ணீர் பாட்டிலை நிரப்ப உள்ளே போய் வந்தாள். அவள் காதில் விழுந்ததெல்லாம் சற்று நேரத்தில் மாஸ்டர் மூக்கு வழியாக வெளியே வந்தது.

அடுத்த நாள் அக்கா ஒரு சட்டையோடு வந்தாள். கூடவே கணவர். மனைவிக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவர் நொண்டி நொண்டி முன்னால் போக, அக்கா தேடிப்போய்க் கண்ணாடி அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாருக்கும்மா பார்க்கணும்?"

"எங்க கடையில ஒருத்தர் இருக்காரு. ஒன்பது வருஷமா நின்ன எடத்துலயே நிக்கிறாரு. ஒரு நாள் உக்காந்ததில்ல."

"ஐயோ பாவம். முட்டி வலிக்குமே."

"வாயைத் தெறந்து சொன்னாத்தானே தெரியும்."

"சாப்பாடு?"

"தொடவே மாட்டாரு."

"தூக்கம்?"

"கண்ணை மூடி நான் பார்த்ததில்ல."

அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஏதாவது பொண்ணு விவகாரமா?"

"பக்கத்துல ஒருத்தி நின்னுக்கிட்டிருந்தா. போன வருஷம் அவளை வேற கடைக்கு அனுப்பிட்டோம்."

அம்மாளுக்கு உடனே தாகம் எடுத்தது. பாட்டிலோடு உள்ளே போனாள்.

முறை வந்தது. மாஸ்டர் சட்டையை முகர்ந்தார். முகம் கனிந்தது. "முழங்கால் தேஞ்சு போச்சு. பசி இல்ல, தூக்கம் இல்ல. ஒரு பொண்ணு பிரிஞ்சு போன ஏக்கம் வயித்துல போய் உக்காந்திருக்கு."

"பார்த்தியா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"தலைவலி ஏதாவது தெரியுதா மாஸ்டர்?" என்று கேட்டாள் அக்கா.

மாஸ்டர் இன்னொரு இழுப்பு இழுத்தார். "ஒத்தைத் தலைவலி. இடது பக்கம். ஏழையும் பதினொன்னையும் கலந்து தர்றேன்."

"ஆளு கீழதான் நிக்கிறாரு. ஒரு தடவை நேர்லயே பார்த்துடுங்க."

செருப்புக் கடைக்காரரும் இன்னொருவரும் ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து அறை நடுவில் நிறுத்தினார்கள். தையல்கடை வாசலில் சட்டை மாட்டி வைக்கும் பொம்மை. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. இடுப்புக்குக் கீழே ஓர் இரும்புக் கம்பி.

பின்வரிசையில் ஒருவர் எட்டிப் பார்த்து, "இடது பக்கத் தலைவலின்னாரே, அதை எங்க வச்சிருக்காரு?" என்று விசாரித்தார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "ஜடப் பொருளுக்கும் ஒரு துயரம் உண்டு."

"இருக்கட்டும். முழங்கால் உண்டா?" என்றாள் அக்கா. "படிக்கட்டுல இந்தம்மா கிட்ட நான் சொன்னதுதான் உங்க மூக்குல வந்துச்சு. தலைவலி மட்டும் உங்க சொந்தச் சரக்கு."

கண்ணாடி அம்மாள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலக்ட்ரீஷியன் பொம்மையைப் பார்த்தார், தன் கால்விரலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து லேபிள் உரிந்த இரண்டு குப்பிகளை எடுத்து நீட்டினார்.

"மாஸ்டர், இதுல ஏழாம் நம்பர் எது?"

மாஸ்டருக்கு உயிர் வந்தது. இரண்டையும் முகர்ந்தார். "இடது கையில இருக்கிறது ஏழு. வலது கை ஒன்பது."

"ரெண்டும் ஏழுதான். நீங்களே குடுத்தது."

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி மாஸ்டர் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினார். கண்ணாடி அம்மாளும் இறங்கினாள். எங்கேயோ வெகுதூரத்தில் தண்ணீர் கிடைத்திருக்க வேண்டும், திரும்பவில்லை. பதவி உயர்வுக்காக வந்திருந்த ஒரு குமாஸ்தா, பதினேழாம் நம்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். எதற்கும் இருக்கட்டுமாம்.

அன்றே அக்கா கணவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். எலக்ட்ரீஷியன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி, "வாசனை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"நல்லா இருக்கட்டும். தலகாணியில நாலு சொட்டு விட்டுக்குங்க, வேணாங்கல. மாத்திரையைப் போட்டுட்டு விடுங்க" என்றாள் அக்கா. அவர் மாத்திரையை வாங்கி விழுங்கினார்.

இப்போது அடுத்த தெருவில், காதை உற்றுப் பார்த்தே நோயைச் சொல்லும் ஒருவர் வந்திருக்கிறாராம். படிக்கட்டு நிறையக் கூட்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். போவதற்கு முன்னால் ஒன்று. உங்கள் இரண்டு காதுக்கும் நடுவே ஒரு சாமான் இருக்கிறது. இலவசமாக வந்தது என்பதற்காக அதைப் பயன்படுத்தாமலே வைத்திருக்காதீர்கள்.