ஐந்து மணி ரயிலும் ஆக்சிஜன் சென்சாரும்

"என்னங்க, மறுபடியும் எரியுது!" காருக்குள் இருந்தபடி மனைவி கத்தினாள்.

இன்ஜின் விளக்கு மஞ்சளாகப் பல்லிளித்தது. அவள் கணவரான நூலகர் பானெட்டைத் திறந்தார்.

பத்து நாள் என்று வந்த மாமனார் மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் நூலகர் பல் தேய்ப்பதற்குக்கூட யோசனை சொல்வார். ஒருவழியாக இன்று ஐந்து மணி ரயிலுக்குப் பெட்டி கட்டியிருந்தார். மனசு மாறுவதற்குள் ஏற்றிவிட வேண்டும்.

"ஆக்சிஜன் சென்சார்தான். இன்ஜின் புகையை மோப்பம் பிடிக்கிற சாமான். பத்தே நிமிஷத்துல சோதிச்சிடறேன்."

"மணி மூணுதானே, நிதானமா பாருங்க மாப்பிள்ளை." மாமனார் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

இன்ஜினைச் சூடாக்கி, சென்சார் ஒயரில் மீட்டரைப் பொருத்தினார் நூலகர். எண் மேலும் கீழும் குதிக்க வேண்டும். ஒரே இடத்தில் மரமாக நின்றது.

"ஒயரை ஆட்டிப் பாருங்க மாப்பிள்ளை."

ஆட்டினார். ஒயர் கையோடு வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்ஜினை அணைத்து, சென்சாரையே கழற்றினார். ஸ்பானர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. சமையலறைக்கு ஓடி, சென்சாரில் மீட்டரை மாட்டி, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினார்.

"ஐயோ, பால் வச்சிருக்கேங்க!" மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"பாலா முக்கியம்? பாரு, மீட்டர் ஏறுது! சென்சார் நல்லாத்தான் இருக்கு!"

ஒயரை ஒட்ட டேப் தேடிப் போனார். திரும்பியபோது அடுப்பு மேடையில் வைத்த சென்சார் இல்லை.

"கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு மாப்பிள்ளை. யார் கையாவது பட்டுடுமேன்னு தண்ணியில போட்டேன். டப்புன்னு ஒரு சத்தம்."

"மாமா...!" விரிசல் விட்ட சென்சாரைத் தண்ணீரிலிருந்து எடுத்தார் நூலகர்.

மணி நாலரை. சென்சார் இல்லாமலே சாவியைத் திருப்பினார். சென்சார் கழன்ற ஓட்டை வழியே புகை சீற, கார் லாரியாக உறுமியது. தெருவே ஜன்னலைத் திறந்து பார்த்தது. அறுந்த ஒயர் எதிலோ உரசி, பொறி பறந்து, எல்லாம் அடங்கியது. பானெட்டுக்குள் தலையை விட்டவர், ஐந்தே கால் வரைக்கும் வெளியே எடுக்கவில்லை.

மாமனார் எழுந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர், மகளிடம் தழுதழுத்தார்:

"போன் பண்ணினா ரெண்டு நிமிஷத்துல டாக்சி வந்திருக்கும்மா... என்னை அனுப்ப மனசில்லாம, நல்லா ஓடிக்கிட்டிருந்த காரையே பிரிச்சுப் போட்டுட்டாரே உன் புருஷன், இந்தப் பாசத்தை விட்டுட்டு நான் இனிமே எங்கம்மா போவேன்?"