சுவருக்கு இந்தப் பக்கம்

முதலில் ஃபிரிட்ஜை நிறுத்தினாள்.

"உள்ள பால் இருக்குடி" என்றாள் அம்மா.

"ஒரு மணி நேரத்துல பால் செத்துப் போயிடாதும்மா."

"யார் செத்துப் போனது?"

படிப்ஸ் ஃபிரிட்ஜ் கதவை அழுத்திச் சாத்தினாள். அம்மாவுக்கு எதையும் மூன்று தரம் கத்தித்தான் சொல்லியாக வேண்டும். இன்றைக்குத் தொண்டையை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. "அவ காதுக்கு ஒரு கேடும் இல்ல. நான் சொன்னா மட்டும் விழாது" என்பது அப்பாவின் நெடுநாள் புகார்.

தெருவில் எல்லோருக்கும் அவள் படிப்ஸ்தான். சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கே மறந்துவிட்டது. அந்தத் தெருவிலிருந்து கல்லூரி வாசலைத் தாண்டியவர்களே நாலைந்து பேர்தான். இவள் கடலைத் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்கு இடம் வாங்கியிருந்தாள். இடம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. பணமில்லாத இடம் என்பது டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது மாதிரி. உட்காரலாம். நிம்மதியாக உட்கார முடியாது.

வெளிநாட்டு மாணவர்களுக்கென்று அங்கே ஓர் உதவித்தொகை இருந்தது. அதற்கு விண்ணப்பித்தவர்களைச் சலித்துச் சலித்து, மிஞ்சிய சிலரை வீடியோவில் கூப்பிட்டிருந்தார்கள். இன்றைக்கு இவள் முறை. 'அமைதியான அறையிலிருந்து பேசவும். இடையூறு நேர்ந்தால் மறு வாய்ப்பு கிடையாது' என்று மின்னஞ்சலில் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள்.

அமைதியான அறை என்றதும் அப்பா சிரித்துவிட்டார்.

வீட்டின் பின்சுவரும் டிரம் பட்டறையின் சுவரும் ஒன்றுதான். அடிபட்டு நசுங்கிய எண்ணெய் டிரம்களைப் பட்டறையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். சுத்தியலால் அடித்து ஒடுக்கெடுத்து, கழுவி, பெயிண்ட் பூசி, மறுபடி விற்பார்கள். காலி டிரம்மில் இரும்பு விழுகிற சத்தத்தை எழுதிக் காட்ட முடியாது. அது காதில் விழுவதில்லை, மண்டையில் விழும். காலையில் தொடங்கினால் இருட்டும்வரை விழும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. அன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கும் தூக்கம் பிடிக்காது.

அப்பா அங்கே ஒடுக்கெடுக்கிறவர். வலது காது முழுக்கப் போய்விட்டது, இடது காது பாதி. கூட வேலை செய்கிறவர்களுக்கும் அதே கதைதான். அதுதான் இவளுடைய ஆராய்ச்சி. ஒரு பழைய சோதனைக் கருவியைக் கல்லூரியில் கெஞ்சி வாங்கிவந்து, பட்டறை ஆட்கள் அத்தனை பேரையும் வீட்டு முன்னறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு காதாகச் சோதித்து எழுதி வைத்திருந்தாள்.

பட்டறைக்குள் மட்டும் அவள் போனதில்லை. அப்பா விட்டதில்லை. சோற்று டப்பாவைக்கூட வாசலில் வந்து வாங்கிக்கொள்வார். "என் காது போனது போகட்டும். உன் காதாவது ஒழுங்கா இருக்கட்டும்" என்பார். அவர் அவளுக்குச் சேர்த்து வைத்த சொத்து அது ஒன்றுதான்.

இன்றைக்காக முதலாளியிடம் போய் அப்பா நின்றார். ஒரு மணி நேரம் வேலையை நிறுத்த முதலாளியும் ஒத்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. கை சும்மா இருந்த ஆட்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

"பாப்பா வெளிநாட்டுக்காரங்களோட பேசப் போகுது. யாரும் சத்தம் போடாதீங்க" என்று ஒருவர் ரகசியமாகச் சொன்னார். பட்டறை ஆட்களின் ரகசியம் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"என்ன சொன்னே?"

"சத்தம் போடாதேன்னேன்."

"நான் எங்கய்யா போட்டேன்?"

"இப்ப போடுறியே, அதுக்குப் பேர் என்ன?"

"வாயை மூடுங்கடா எல்லாரும்" என்று அப்பா வந்து அடக்கினார். அதுதான் இருந்ததிலேயே பெரிய சத்தம்.

படிப்ஸ் வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "மாமா, சித்தப்பா, எல்லாரும் கொஞ்ச நேரம் கடைத்தெருப் பக்கம் போயிட்டு வாங்களேன்."

"போறோம் போறோம். உன் நல்லதுக்குத்தான் வந்தோம்" என்று முனகிக்கொண்டே போனார்கள். முனகலும் கடைத்தெருவரைக்கும் கேட்டது. காவலுக்குப் போகிற மாதிரி அப்பாவும் அவர்கள் பின்னாலேயே போனார்.

அப்புறம் அமைதி. வேலை நாளில் அப்படியோர் அமைதியை அவள் அந்த வீட்டில் கண்டதில்லை. லேப்டாப்பைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உய்ங்.

மெல்லிசாக ஒரு சத்தம். ஒரே இடத்தில் நின்று பறக்கும் கொசு மாதிரி. ஃபிரிட்ஜை ஏற்கெனவே நிறுத்தியாயிற்று. ஃபேனை நிறுத்தினாள். இருந்தது. ட்யூப் லைட்டை அணைத்தாள். அப்போதும் இருந்தது.

"அம்மா, ஏதோ உய்ங்னு கேக்குதுல்ல?"

"ஆமா, ஊருக்குத்தான் போகப்போற. அதுக்கு ஏன் இருட்டுல உக்காந்திருக்க?"

மெயின் சுவிட்சையே இறக்கினாள். உய்ங் நிற்கவில்லை, இணையம் நின்றது. மறுபடி ஏற்றியபோது ரூட்டர் சிவப்பு விளக்கை எரியவிட்டு முறைத்தது. தட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அசையவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடு வந்து தலைகாட்டிவிட்டுப் போனது.

லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தையல்கார அக்கா வீட்டுக்கு ஓடினாள். இரண்டு தெரு தள்ளி, மாடி. அங்கே சிக்னல் நன்றாக வரும். அக்கா விஷயத்தைக் கேட்டதும் மெஷின் மோட்டாரை அணைத்து, துணிகளை ஒதுக்கி, சுவரோரம் இடம் போட்டுக் கொடுத்தாள்.

உட்கார்ந்தாள். உய்ங்.

"அக்கா, பக்கத்துல டிரான்ஸ்ஃபார்மர் ஏதாவது இருக்கா?"

"தெருக்கோடியில இருக்கு."

"அதான். அது போடுற இரைச்சல் இங்க வரைக்கும் வருது."

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஜன்னல் பக்கம் போய் நின்றும் கேட்டாள். "எனக்குத் தெரியலையே. நாள் பூரா இங்கேயே கிடக்கிறேன்ல, பழகிப் போயிருக்கும்."

ஜன்னலைச் சாத்தினார்கள். இடுக்கில் துணியைத் திணித்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் அதற்கெல்லாம் மசியவில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குள் ஓர் அம்மாள் பள்ளிச் சீருடை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள்.

"இது கால்சட்டையா, தலையணை உறையா?"

"அளவு குடுத்தது நீங்கதானே?"

"அளவு என் பையனுக்குக் குடுத்தேன், என் வீட்டுக்காரருக்கா குடுத்தேன்?"

"வளர்ற பையன், தாராளமா வைன்னீங்க."

"வளர்றதுன்னா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ளேயா?"

இது சீக்கிரம் முடிகிற வழக்கு இல்லை. படிப்ஸ் லேப்டாப்பை மூடிக்கொண்டு படியிறங்கினாள். கால் மணி நேரம் மீதி இருந்தது. இந்த முறை தவறினால் அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. பல்கலைக்கழகம் இடத்தை அதுவரைக்கும் வைத்திருக்காது. அப்பாவின் இடது காதும் அதுவரைக்கும் இருக்காது.

தெருவில் பட்டறையின் லோடு வண்டி வந்து நின்றது. வண்டிக்கார அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"என்னம்மா, பேசி முடிச்சாச்சா? உன்னால இன்னிக்கு லோடு இறக்க ஆளில்லை. நானும் ஊர்வலம் போயிட்டிருக்கேன்."

அவள் இரண்டு வரியில் சொல்லி முடித்தாள்.

"இவ்வளவுதானா? ஏறு."

டிரம்கள் பின்னால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தலையில் இடி இறக்கின. அதற்கு மேலே அண்ணன் பேசிக்கொண்டு வந்தார்.

"ஊருக்கு வெளியே பொட்டல் ஒண்ணு இருக்கு. போன் டவர் பக்கத்துலேயே. ஆடு மாடுகூட அங்க வராது. கேபின்ல உக்காந்து பேசு. பேட்டரிதான் கொஞ்சம் மோசம். நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகாது, தள்ளணும். அதனால நான் இன்ஜினை எங்கேயும் ஆஃப் பண்றதே இல்ல."

"பரவாயில்லண்ணே."

"என்ன பரவாயில்ல? பட்டறையில அத்தனை பேர் காதையும் சோதிச்சு நோட்டுல எழுதினே. காது நல்லா இருக்குன்னு ஒதுக்கித் தள்ளினது என் ஒருத்தனைத்தான். அதுக்கே நான் உன்னை ஏத்தியிருக்கக் கூடாது."

அவளுக்கு அத்தனை கலவரத்திலும் சிரிப்பு வந்தது. உண்மைதான். பட்டறையைச் சேர்ந்தவர்களில் எறும்பு ஊர்வதுகூடக் கேட்கிற காது இவருக்குத்தான். லோடை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். வாழ்க்கை முழுக்க ரோட்டில்தான்.

பொட்டலில் வண்டி நின்றபோது ஒரு நிமிஷம்தான் பாக்கி. டிரம்கள் அடங்கின. அண்ணன் இறங்கிக் கதவைப் பூப்போலச் சாத்திவிட்டு, முன்சக்கரத்தின் நிழலில் குந்திக்கொண்டார். மடியில் லேப்டாப் ஆடியது. வண்டியின் ஆட்டமா, தன் தொடையின் நடுக்கமா என்று பார்க்க நேரமில்லை. திரையில் முகங்கள் வந்துவிட்டன.

உய்ங்.

இன்ஜின். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு வணக்கம் சொன்னாள்.

குழுவில் இரண்டு பேர். தலைவி கண்ணாடி போட்டவர், சிரித்த முகம். பக்கத்தில் ஒரு கிழட்டுப் பேராசிரியர். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

"தெளிவாகக் கேட்கிறது" என்றார் தலைவி. "நீங்கள் இவ்வளவு உரக்கப் பேச வேண்டாம். பதற்றம் வேண்டாம்."

"மன்னிக்கவும்" என்று உரக்கச் சொன்னாள்.

டிரம் பட்டறையைப் பற்றிச் சொன்னாள். சோதித்த காதுகளைப் பற்றி, எந்த வயதில் எந்த அளவு போகிறது என்பதைப் பற்றி, பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை செய்தால் கூட நிற்பவன் கூப்பிடுவது கேட்காமல் விரல் நசுங்குவதைப் பற்றி. நன்றாகத்தான் சொன்னாள். தலைவி தலையாட்டினார். கிழவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் அங்கே வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் கிழவர்.

"இல்லை. என் வீடு சுவருக்கு இந்தப் பக்கம். பிறந்ததிலிருந்து அங்கேதான்."

"அப்படியானால் உங்களுக்கு இதில் பாதிப்பு ஒன்றும் இல்லை."

"ஒன்றும் இல்லை. என் அப்பாவுக்குத்தான்."

கிழவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சத்தத்துக்குள் நின்று வேலை செய்கிறவனுக்குக் காது போகும் என்பது என் தாத்தா காலத்திலேயே தெரியும். எங்கள் நூலகத்தில் அதற்கென்று ஓர் அலமாரியே இருக்கிறது. அந்த அலமாரியில் இல்லாத எதை நீங்கள் எங்களுக்குச் சொல்லப் போகிறீர்கள்? அதற்குத்தான் பணம். இரக்கத்துக்கு இல்லை."

தலைவி அவரைப் பார்த்தார். பிறகு அவரும் பதிலுக்காகப் படிப்ஸ் பக்கம் திரும்பினார்.

படிப்ஸ் மடியில் லேப்டாப்பை நேராக்கினாள். கிழவர் சொன்னதில் தப்பு இல்லை. அப்பாவுக்குக் காது போனது ஊருக்கே தெரிந்த விஷயம். அதை இன்னும் நூறு பேரிடம் அளந்து சொன்னால் நூறு பேருக்குக் காது போனது தெரியும். அதற்கு மேலே என்ன? ஏதோ ஒன்று இருக்கிறது, கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. யோசிக்கலாம் என்றால் அந்த உய்ங் மண்டைக்குள் ஊசி ஏற்றிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து ஒரு சத்தமாவது அவளை யோசிக்க விட்டதா? ஃபிரிட்ஜ் விடவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் விடவில்லை, இப்போது இது.

"ஒரே ஒரு நிமிடம் தாருங்கள்" என்றாள். "இங்கே ஓர் இரைச்சல். நிறுத்தச் சொல்லிவிட்டு வருகிறேன்."

"எங்களுக்கு எதுவும் கேட்கவில்லையே" என்றார் தலைவி. "பரவாயில்லை, செய்யுங்கள்."

ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். வெளியே வெயில் மட்டும் இருந்தது. மரமில்லை, காற்றில்லை.

"அண்ணே, ஒரு நிமிஷம் இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. போறப்ப நானே தள்ளித் தரேன்."

அண்ணன் எழுந்து, பின்பக்கத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு, வண்டியை ஒரு பார்வையும் அவளை ஒரு பார்வையும் பார்த்தார்.

"வந்த உடனேயே ஆஃப் பண்ணிட்டேனேம்மா. இங்க ஒரு சத்தமும் இல்லையே."