பாலம் வரட்டும், கல்யாணம் வைக்கலாம்

ஒரு காட்டில், அதுவும் நட்டநடுவே நாலுவழிச் சாலை போட்டுவிட்ட காட்டில், தேவாங்குகள் வாழ்ந்தன. மெல்ல நகர்கிற பிராணிகள். லாரிகளுக்கு நடுவே அவை எப்படிச் சாலையைக் கடக்கும்? அண்ணன் குடும்பம் இந்தப் பக்கமும் தங்கை குடும்பம் அந்தப் பக்கமுமாக மாட்டிக்கொண்டன.

"அழாத தாயி! மரத்துக்கு மரம் கயித்துப்பாலம் போடப்போறாங்க. வந்ததும் நம்ம பிள்ளைங்களுக்குக் கல்யாணம்!" என்று அண்ணன் கத்திச் சொன்னான்.

காட்டு மராமத்து அதிகாரி பன்றியார் பூசை போட்டு வேலையைத் தொடங்கிவைத்தார். அப்புறம் கயிறு வரவில்லை. கயிறு வந்தபோது ஆள் வரவில்லை. ஆள் வந்தபோது கயிற்றை எலி தின்றிருந்தது. அண்ணன், தங்கை, பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லோரும் மேலோகம் போய்ச் சேர்ந்தார்கள். பன்றியாரின் நாற்காலியில் அவர் வம்சமே வரிசையாக உட்கார்ந்து எழுந்தது. கொடுத்த வாக்கு மட்டும் கைமாறிக் கைமாறித் தெய்வானை என்கிற தேவாங்கிடம் வந்து நின்றது.

அந்தப் பக்கத்து மாப்பிள்ளை இருளப்பன் மேல் அவளுக்குப் பார்க்காமலே ஆசை. கூடவே பயம். ஆந்தை வாத்தியாரிடம் போனாள்.

"இத்தனை தலைமுறை ஆச்சே, அவுக வேற மாதிரி ஆகியிருப்பாகளோ?"

"அசடே, ஒரு இனம் இன்னொரு இனமா மாற லட்சக்கணக்கான வருஷம் ஆகும். அதுக்குள்ள பாலம் வந்துடும்."

ஒரு சாயங்காலம் பாலம் திறந்தார்கள். தெய்வானை மாலையோடு நின்றாள். எதிரே வந்த மாப்பிள்ளைக்கு டீக்கடை வடை தின்று அகன்ற வாய், லாரி விளக்கில் கூசிச் சுருங்கிய கடுகுக் கண், தேவாங்குக்கு இல்லவே இல்லாத வால்.

"வாங்க அத்தான்," என்றாள்.

"பாம்... பாம்," என்றான் மாப்பிள்ளை, லாரி ஹாரன் மாதிரியே.

"ஐயோ, இது வேற இனம்டி!" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லோரும் ஆந்தையைப் பார்த்தார்கள். "என் கணக்கு சரிதான். பாலம்தான் லேட்டு," என்றார் ஆந்தை.

இப்போதைய பன்றியாருக்கோ ஒரே பூரிப்பு. "ஒரு புது இனத்தையே உருவாக்கிய துறை நம்ம துறை!" என்று மைக்கில் முழங்கியவர், தெய்வானை கையிலிருந்த மாலையை வாங்கித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

தெய்வானைக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு பாதி வடையை நீட்டினான். அவள் வாங்கிக் கடித்தாள். ருசியாகத்தான் இருந்தது.

"பாம்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"பாம்," என்று அவன் பொறுமையாக விளக்கினான்.

நீதி: பரிணாமம் மெதுவாக நடக்கிறது என்பவர்கள், பாலவேலை நடக்கும் இடத்துப் பக்கம் போனதே இல்லை.