பொட்டு வைத்த இரண்டு தோட்டாக்கள்

மருந்து இல்லாத தோட்டாவுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று நான் மனதார நம்பினேன். காலித் தோட்டா என்பது வெறும் பித்தளை, குத்துவிளக்குக்குத் தம்பி. இதை நானே வாதாடி, நானே தலையாட்டி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். (எதிர்த்தரப்பு வக்கீல் இல்லாத வழக்கு, ஜெயிக்காமல் என்ன செய்யும்?)

நாற்பத்தாறு வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும். எனக்குப் பொழுதுபோக்கு வந்தது. ஷார்ஜாவில் பழைய சாமான் விற்கிறவர் ஒருவர், விரல் நீளத் தோட்டாக்கள் இரண்டை என் உள்ளங்கையில் வைத்து, "ஒரிஜினல், பாய்! காலி ஹை, டரோ மத்" என்றார்; காலிதான், பயப்படாதே என்று அர்த்தம். ஒன்றின் முனையில் மூன்று சிறு துளைகள், மற்றதில் ஒன்று. போர்க்களத்தில் பட்ட காயம் என்று முடிவு செய்தேன். தோட்டாவையே சுட்டிருக்கிறார்கள் என்றால், எப்பேர்ப்பட்ட போராக இருந்திருக்கும்!

அஜ்மான் வீட்டு ஷோகேஸில் அவை சும்மாதான் இருந்தன. ஆயுத பூஜையன்று எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. லேப்டாப், கார் சாவி, மிக்ஸியோடு தோட்டாக்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் போட்டோ எடுத்து, எங்கள் கட்டடத்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: 'நிஜ ஆயுதம் வைத்து ஆயுத பூஜை கொண்டாடும் ஒரே வீடு!'

மூன்றாம் மாடி செல்வம் உடனே போன் செய்தான்.

"அண்ணே, லைசென்ஸ் இருக்குல்ல?"

"காலிடா. காலிக்கு எதுக்கு லைசென்ஸ்?"

"இந்த ஊர்ல காலியோ ஃபுல்லோ, தோட்டா தோட்டாதாண்ணே. எங்க கம்பெனி ஆள் ஒருத்தரு பெட்டியில ஒண்ணு கெடந்து, ஏர்போர்ட்ல... வேணாம், நல்ல நாளும் அதுவுமா."

"அவருக்கு என்னடா ஆச்சு?"

"நீங்க பூஜைய முடிங்கண்ணே." வைத்துவிட்டான்.

போட்டோவை அழிக்கக் குரூப்பைத் திறந்தேன். ஒருவர் வெளியேறினார். இன்னொருவர் வெளியேறினார். சுண்டல் கேட்டிருந்த இரண்டாம் மாடி மாமியும் வெளியேறினார்.

வேலை, விசா, மகள் யாழினியின் பிளஸ் டூ எல்லாம் வரிசையாக விமானம் ஏறுவது கண்ணில் தெரிந்தது. குப்பைத்தொட்டியில் போடலாம் என்றால் மேலே கேமரா. கடலில் வீசலாம் என்றால், பதுங்கிப் பதுங்கி வீசுகிறவனைப் பிடிக்கத்தானே கடலோரக் காவலே இருக்கிறது? கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாமா என்றேன். "அடச்சுக்கிட்டா பிளம்பர்ட்ட என்ன சொல்லுவீங்க?" என்றாள் மனைவி வசந்தி.

வளைகுடாவில் எந்தக் கஷ்டம் வந்தாலும் நம்மவர்கள் ஓடும் இடத்துக்கு நானும் ஓடினேன். அரசாங்க விண்ணப்பங்களை அடித்துத் தரும் டைப்பிங் சென்டர்.

"எந்து லைசென்ஸ், சாரே? கஃபடீரியாவா, டெய்லர் கடையா?" என்றார் அங்கிருந்த மலையாளி.

"தோட்டா சேர்க்க. சும்மா, பொழுதுபோக்குக்கு."

அவர் கைகள் கீபோர்டிலிருந்து தாமாக விலகின. "வாங்கியாச்சா? இனிதான் வாங்கணுமா?"

"வாங்கியாச்சு."

"அய்யோ! லைசென்ஸ் முதல்ல, சாதனம் பின்னே. நீங்க தாலி கெட்டிட்டுப் பெண்ணு பார்க்க வந்திருக்கீங்க. நேரே போலீஸ்ல போய்ச் சொல்லு சாரே. ஞான் உங்களைக் கண்டிட்டே இல்ல."

வீட்டுக்கு வந்து தோட்டாக்களை டிபன் பாக்ஸில் வைத்தேன். "இட்லியும் கட்டித் தரவா? அங்க எப்ப சோறு போடுவாங்களோ" என்று வசந்தி மூக்கை உறிஞ்சினாள். மகள் ஓடி வந்தாள். அழப்போகிறாள் என்று கைகளை விரித்தேன். "அப்பா, போறதுக்கு முன்னாடி வைஃபை பாஸ்வேர்ட் சொல்லிட்டுப் போங்க, ப்ளீஸ்."

போலீஸ் நிலையத்தில் இளம் அதிகாரி ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்து, குங்குமத்தைப் பார்த்ததும் பின்வாங்கினார். "யே கூன் ஹை?"

"நோ சார்! ரத்தம் இல்ல சார்! பூஜா, பூஜா!"

மூத்த அதிகாரியை அழைத்தார்கள். அவர் கையுறை மாட்டி, ஒரு தோட்டாவைத் தட்டினார், குலுக்கினார், அடிப்பாகத்தைத் திருகினார். வெள்ளைத் தூள் கொட்டியது.

வந்தது தோட்டா கேஸுக்கு. இப்போது போதைப்பொருளுக்குப் பதவி உயர்வு. "சார், ஏக் பேட்டி ஹை, பிளஸ் டூ சார்" என்று மகளைச் சொல்லி, எந்த மொழியிலும் சேராத ஒரு மொழியில் கதறினேன்.

அவர் முதல் தோட்டாவை மேசையில் வைத்தார். இரண்டாவது தோட்டாவைத் திருகி முகர்ந்து பார்த்தார். கட்டடமே அதிரும்படி தும்மினார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த பொறுமையோடு சொன்னார்: "நமக், பாய். யே காலி மிர்ச். அஸ்லி வாலா காலி ஹோ, ஃபிர் பி பெஹ்லே பர்மிஷன். சம்ஜா? கலாஸ். யல்லா, கர் ஜாவ்." உப்பு, மிளகு; நிஜத் தோட்டா என்றால் காலியானாலும் முதலில் அனுமதி, இப்போது வீட்டுக்குப் போ என்று டிபன் பாக்ஸை என் கையில் கொடுத்துவிட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் விருந்தாளி யாராவது உப்பு கேட்டால், "லைசென்ஸ் இருக்கா அங்கிள்?" என்கிறாள் யாழினி. ஆம்லெட் தின்ன வரும் செல்வம், "அண்ணே, ரெண்டு ரவுண்டு சுடுங்க" என்று தட்டை நீட்டுகிறான்.

மூன்று துளை உள்ளது உப்பு. ஒற்றைத் துளை மிளகு.