மாறநல்லூர் மகாராணியின் ஐந்தாம் அங்கம்

மகாராணி சாவாளா பிழைப்பாளா என்று பார்ப்பதற்காகச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பரஞ்சோதி பக்கத்தைப் புரட்டினார். வெள்ளையாக இருந்தது. அடுத்த பக்கமும் வெள்ளை. கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் புரட்டினார். பன்னிரண்டு தாள்கள், ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை. அதற்குப் பிறகு அட்டைதான்.

"வாசுகி!"

சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி அங்கிருந்தே கேட்டாள். "என்னாங்க?"

"அஞ்சாவது அங்கத்தக் காணோம்!"

"நான் மேசையத் துடைச்சதோட சரி. எதையும் எடுக்கல."

"எடுக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லடி. வெறும் வெள்ளைத்தாளா வெச்சுத் தைச்சிருக்கான்."

"அப்ப இல்லன்னு சொல்லிட வேண்டியதுதானே. இதுக்கா இந்தக் கத்து கத்துறீங்க?"

சொல்லத்தான் முடியாது. பரஞ்சோதியின் தலைவலியே அதுதான்.

கோலா கெத்திலில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடை மேடைக் கணக்கர் அவர். லோரிக்காரர்களுக்கு 'டிம்பாங் கிராணி'. வீட்டில் அவர் வாயைத் திறந்தால் தொலைக்காட்சியின் சத்தம் கூடும். ஆலையில் வாயைத் திறந்தால் லோரிகள் ஹாரன் அடிக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்பு வாட்ஸ்அப் புலனத்தில் 'நாடகம் வாசிப்போம்' என்று ஒரு குழுவைத் தொடங்கினார். பழைய நாடகங்களை ஆளுக்கொரு வேடமாகப் பிரித்துக்கொண்டு, மாதக் கடைசி ஞாயிறு மாலையில் இணையத்தில் கூடி வாசிப்பார்கள். மூன்று பேராக இருந்தது இருபத்திரண்டு பேராகிவிட்டது. மாதத்தில் இரண்டு மணி நேரமாவது அவர் பேச்சை முழுசாகக் கேட்கும் மனிதர்கள் இந்த உலகத்தில் அவர்கள்தான். அவர்களை இழப்பதைவிட இரண்டு பல்லை இழக்கலாம் என்று நினைப்பவர் அவர்.

'மாறநல்லூர் மகாராணி' அவர் கண்டெடுத்த புதையல். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகளைக் காலி செய்தபோது, மண்டபத்து அலமாரிப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு வெளியே வைத்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் மூன்று நடை போய் அள்ளி வந்ததில் இது ஒன்று. பச்சைத் துணியில் முதுகு, பூப்போட்ட காகிதம் ஒட்டிய அட்டை. எழுதியவர் பெயரைக் கறையான் தின்றுவிட்டது. 'ஐந்து அங்கங்கள் கொண்ட சரித்திர நாடகம்' என்ற வரியை மட்டும் போனால் போகிறது என்று விட்டிருந்தது. நாலாம் அங்கத்தின் தாளும் எழுத்தும் வேறு மாதிரி இருந்தன. அந்தக் காலத்து அச்சகங்கள் அப்படித்தான் என்று பரஞ்சோதி தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார்.

மாதம் ஓர் அங்கம். சனிக்கிழமை தட்டச்சு செய்து குழுவில் போடுவார், ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு. அடுத்த அங்கத்தை அவரே முன்கூட்டிப் படிக்க மாட்டார். "உங்களோட சேர்ந்துதான் நானும் தெரிஞ்சுக்குவேன்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்தப் பெருமைதான் இப்போது பன்னிரண்டு வெள்ளைத்தாளாக முன்னால் கிடந்தது.

குழுவுக்கு இரண்டாம் விதி என்று ஒன்று உண்டு. முழுப் பிரதி கையில் இல்லாதவர் நாடகம் தொடங்கக் கூடாது, தொடங்கினால் குழுவில் இடமில்லை. இயற்றியவர் பரஞ்சோதி. போன வருடம் ஜெயகுமார் என்ற நல்ல மனிதர், கடைசி இரண்டு பக்கம் இல்லாத ஒரு நாடகத்தை ஆசையாகக் கொண்டுவந்தார். பரஞ்சோதி அரை மணி நேரம் அவருக்கு இலக்கிய ஒழுக்கம் போதித்து, எல்லோர் முன்னிலையிலும் நீக்கினார். இப்போது தமக்குப் பன்னிரண்டு தாள் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

சட்டென்று நடராஜாவின் நினைவு வந்தது. அலோர் ஸ்டாரில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எழுபத்தொரு வயது. எந்த நாடகத்தை எடுத்தாலும் அதைச் சின்ன வயதிலேயே மேடையில் பார்த்தவர். போன மாதம் நாலாம் அங்கம் வாசித்தபோது, ராணி பூக்காரி வேடத்தில் வந்து சிறைக்கதவைத் தட்டும் இடத்தில் அவருக்குக் குரலே உடைந்துவிட்டது. "ஏழு வயசுல பார்த்தேன்யா. கொட்டகையே அழுதுச்சு. இந்தக் கை இன்னைக்கு எவனுக்கு வரும்?" என்றார். இருபது பேரும் கைதட்டும் படத்தை அனுப்பினார்கள். ராக்காயி அக்கா மட்டும் அனுப்பவில்லை.

ராக்காயி அக்கா செர்டாங்கில் மகள் வீட்டில் இருப்பவர். கூட்டத்துக்குத் தவறாமல் வருவார், ஒலியைத் திறக்கவே மாட்டார். கைப்பேசியை எப்படி வைக்கிறாரோ, அவர் கட்டத்தில் எப்போதும் கூரைக் காற்றாடிதான் சுற்றும். அன்று கூட்டம் முடிந்ததும் அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. 'ஐந்தாம் அங்கம் நிஜமாகவே உங்களிடம் இருக்கிறதா, தம்பி?' பரஞ்சோதி கட்டைவிரலை உயர்த்தி அனுப்பிவிட்டார்.

நடராஜாவுக்குப் போன் அடித்தார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். கடைசியில ராணி என்ன ஆவாங்க?"

"புத்தகம் உங்க கையிலதானே இருக்கு?"

"இருக்கு சார். மேடையில எப்படி முடிச்சாங்கன்னு..."

"சொன்னா சுவை போயிடும் பரஞ்சோதி" என்று நடராஜா தொண்டையைச் செருமினார். "ஆனா நீங்க கேட்டதே எனக்கு உற்சாகமா ஆயிடுச்சு. என் பழைய மாணவங்க ஒன்பது பேரையும் நாளைக்குக் கூப்பிட்டுடறேன்."

போனை வைத்தபோது இருபத்திரண்டு முப்பத்தொன்றாகியிருந்தது.

அடுத்து, தொண்டைக்கட்டு என்று குழுவில் எழுதினார். 'வாசிப்பை அடுத்த மாதத்துக்கு மாற்றலாமா?' கூலிமில் வங்கியில் வேலை பார்க்கும் ரூபினி நிமிடத்தில் குரல் பதிவு அனுப்பினாள். "அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்கலா! நான் நடத்திக்கிறேன். ஆறு மணிக்குள்ள அங்கத்த மட்டும் போட்டுடுங்க, போதும்."

ஒரு மாதம் தள்ளிப்போட நினைத்தது ஆறு மணிக் கெடுவாக வந்து நின்றது. இனி ஒரே வழிதான். ஐந்தாம் அங்கத்தைத் தாமே எழுதுவது.

சனிக்கிழமையும் ஆலை உண்டு. எடை மேடைக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் லோரி எடையைப் பதிந்து, மறு கையால் மாறநல்லூரை ஆண்டார். ராஜா சிறையில் கிடக்கிறார். சேனாதிபதி துரோகி. பூக்காரியாக வந்த ராணியை ராஜாவுக்கு அடையாளம் தெரியவில்லை. இதற்கு மேல் என்ன செய்வது? ராணியைக் கொன்றால் பாவமாக இருந்தது, விட்டுவைத்தால் சப்பென்று இருந்தது.

வெளியே லோரியில் உட்கார்ந்திருந்த தீபன் ஹாரனை அழுத்தினான். "அண்ணே, செப்பாட்லா, சீக்கிரம்! பின்னால ஆறு லோரி நிக்குது!"

"இருடா. ராணிய என்ன பண்றதுன்னு தெரியல."

"எந்த ராணி?"

எரிச்சலில் பரஞ்சோதி கதையைச் சொன்னார். தீபன் இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டான்.

"பூ வாங்கச் சொல்லுங்கண்ணே. கையில காசு இல்லன்னு ராஜா மோதிரத்தக் கழட்டிக் குடுக்கட்டும். அது ராணி போட்டுவிட்ட மோதிரம்தானே? அங்க ராணி அழுதுடுவாங்க. முடிஞ்சுது."

பரஞ்சோதி அவனையே பார்த்தார். பதினாறு வருடமாக இவனுக்குச் சீட்டு கொடுக்கிறார், ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை. மடமடவென்று எழுதினார். எழுத எழுத அவருக்கே கண் கலங்கியது. தீபனின் எடைச் சீட்டில் ஓட்டுநர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சேனாதிபதி' என்று விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. மேலாளர் கவனித்தார், கூப்பிட்டுத் திட்டினார். அந்தத் திட்டைக்கூட அடுத்த வசனத்தில் ராஜா வாயில் வைத்துவிட்டார் பரஞ்சோதி. ஐந்தே முக்காலுக்கு அங்கம் குழுவில் ஏறியது.

ஞாயிறு மாலை. முப்பத்தொரு கட்டங்கள். ரூபினி ராணியாக வாசித்தாள். மோதிரம் வந்த இடத்தில் அவளால் மேலே போக முடியவில்லை. நடராஜாவின் மாணவர் ஒருவர் வெளிப்படையாக மூக்கைச் சிந்தினார். செர்டாங் காற்றாடி மட்டும் வழக்கம்போல் சுற்றியது. பரஞ்சோதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தாம் எழுதியது என்று கூரை மேல் ஏறிக் கத்த வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்ல முடியாத கஷ்டம் வேறு.

"ஒரு நிமிஷம்" என்றார் நடராஜா.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"மோதிரம் குடுத்ததும் ராஜா ஒரு பாட்டுப் பாடுவாரே! அதைக் காணோம்?"

பரஞ்சோதிக்குக் காது சூடாயிற்று. "பாட்டா? பாட்டு இல்ல சார்."

"இருக்கு. எனக்கு இன்னும் காதுல கேக்குது. பதினாறு வரி. அதுதான் இந்த அங்கத்தோட உயிர்!"

"நானும் நினைச்சேன் சார், அங்க ஏதோ குறையுது" என்றார் மூக்கைச் சிந்தியவர்.

"இல்லவே இல்லங்கறேன்!"

"ஏழு வயசுல கேட்டவன் சொல்றேன்!"

நேற்று மதியம் தீபனின் லோரிக்குப் பக்கத்தில் பிறந்த காட்சியில் இந்த மனுஷன் ஏழு வயதில் பாட்டுக் கேட்டிருக்கிறார். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் தாம் அம்பேல், சொல்லாவிட்டால் பாட்டைத் தின்றவர் என்ற பழி. பரஞ்சோதி பல்லைக் கடித்துக்கொண்டு, சண்டை ஓயட்டும் என்று ஒரு பொய் சொன்னார்.

"சரி சார், இருந்துச்சு. நேரம் ஆகுமேன்னு நான்தான் எடுத்துட்டேன்."

சண்டை ஓயவில்லை. அப்போதுதான் தொடங்கியது.

"எடுத்துட்டீங்களா!" நடராஜா நாற்காலியிலிருந்து எழுந்ததில் கட்டத்தில் அவர் வயிறு மட்டும் தெரிந்தது. "பெரியவங்க எழுதின காவியத்துல கை வைக்க நீங்க யாரு?"

"அண்ணே, இது ரெண்டாம் விதிக்கு எதிரா இல்லையா?" என்றாள் ரூபினி வருத்தமாக. "பாட்ட எடுத்துட்டா அது முழுப் பிரதி இல்லையே. ஜெயகுமார் அண்ணனுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

"புத்தகத்தக் காட்டச் சொல்லு!" என்றார் நடராஜா. "பாட்ட நானே படிச்சுக் காட்டறேன். இனி குழுவ யார் நடத்தறதுன்னு அப்புறம் பேசுவோம்."

"காட்டுங்க, காட்டுங்க" என்று செர்டாங் காற்றாடி தவிர எல்லாக் கட்டங்களும் சொல்லின.

பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த வாசுகி மெதுவாகச் சொன்னாள். "நேத்தே சொன்னேன்ல?"

இரண்டு வருடக் குழு, இருபத்திரண்டு பேர், மாதத்தில் இரண்டு மணி நேரம், எல்லாம் இன்றோடு சரி. புத்தகத்தை எடுத்தார். பூப்போட்ட அட்டையைக் காட்டினார். நாலாம் அங்கத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

வெள்ளை.

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே போனார்.

"அஞ்சாவது அங்கமே இல்ல" என்றார் கடைசியில். "நேத்து நான் எழுதினதுதான் நீங்க வாசிச்சது. மன்னிச்சுக்குங்க."

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று நடராஜா கத்தினார். தாம் கேட்ட பாட்டு அப்போது எங்கே போயிற்று என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. "வாசிக்கும்போதே எனக்குத் தட்டுச்சு! அந்த நாலாம் அங்கத்துக்குப் பக்கத்துல இது நிக்க முடியுமா? அது மகான் எழுதினது. இது எடை போடறவன் எழுதினது!"

அப்போது செர்டாங் காற்றாடி ஆடியது. ஒரு பக்கம் சாய்ந்தது. சுவர் வந்தது, நாட்காட்டி வந்தது, பிறகு நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு முகம் வந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ராக்காயி அக்காவின் ஒலி திறந்தது.

"தம்பி, அந்த அட்டைய இன்னொருவாட்டி காட்டுங்க."

பரஞ்சோதி காட்டினார்.

"வெள்ளைத்தாள் பன்னெண்டு இருக்குமே? எண்ணிப் பாருங்க."

"ஆமாக்கா. பன்னெண்டு." பரஞ்சோதிக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அஞ்சாவது அங்கத்துக்கு அது போதும்னு நெனச்சு நான்தான் வெச்சுத் தைச்சேன். எவ்வளவோ பாத்தேன், எனக்கு வரவே இல்ல. அந்த மோதிரம் எனக்குத் தோணாமப் போச்சே! நல்லா எழுதியிருக்கீங்க தம்பி."

ராக்காயி அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையில் நடராஜாவின் கட்டத்தைத் தேடினார்.

"நடராஜா சார், அசல்ல பாட்டு இருந்துச்சோ என்னமோ, கடைசி ரெண்டு அங்கத்தையும் கறையான் தின்னுருச்சு, ஆனா நீங்க ஏழு வயசுல பாத்து அழுதீங்களே நாலாவது அங்கம், செலம்பாவ் தோட்டத்து ஆபீசுல உக்காந்து அத நான் எழுதி டைப் அடிக்கிறப்ப உங்களுக்கு நாப்பது வயசாச்சும் இருக்கும்லா சார்."