பன்னிரண்டுக்குப் பதினான்கு

லாங்கிராஸ் பிரதேசம் மாநிலம் என்ற அந்தஸ்தைப் பெறுவதற்கு முன்பு, அங்கே நிலம் கிடைப்பது மிகவும் சுலபமாக இருந்தது. காலி நிலத்தில் ஐந்து வருடம் குடியிருக்க வேண்டும். ஒரு வீடு கட்ட வேண்டும். பிறகு நிலப் பதிவகத்துக்கு வந்து பைபிள் மேல் கை வைத்து அதைச் சொல்ல வேண்டும். நூற்று அறுபது ஏக்கருக்குப் பட்டா கைக்கு வந்துவிடும். காலி நிலம் என்று சொன்னது சட்டம்தான். அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களைப் பட்டாளம் வந்து காலி செய்த பிறகே சொன்னது என்பதால் அதில் பிழை ஏதும் காண முடியாது.

எங்கள் ஊரின் பெயர் கிராண்ட் ஹார்பர். கடல் ஆயிரம் மைல் தள்ளி இருந்தது. துறைமுகம் என்று பெயர் வைத்தால் கப்பல் வராவிட்டாலும் ஆள் வருவான் என்று ஊரை ஸ்தாபித்தவர் நம்பினார். நாங்களும் வந்து சேர்ந்தோம்.

வீடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் சட்டம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருந்தது: "பன்னிரண்டுக்குப் பதினான்கு அளவில், ஒரு ஜன்னலுடன்." நகல் எடுத்த யாரோ ஒரு குமாஸ்தா 'அடி' என்ற சொல்லை விட்டுவிட்டார். தச்சர் லெம் ஸ்டிவர்ஸ் அந்த இடைவெளியில் தொழில் தொடங்கினார். விஸ்கி வந்த பெட்டிப் பலகையில், பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினான்கு அங்குலம், கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிலத்துக்குப் போய், தரையில் வைத்து, தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வந்து சத்தியம் செய்தால் போதும். ஆரம்பத்தில் ஒரே வீடு நாற்பது பேருக்கு உதவியது.

பதிவாளர் ஆரிலியஸ் பிரிம் நேர்மையானவர். ஒரே வீட்டைப் பலர் காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் கொதித்துப்போனார். இனிமேல் மனுதாரர் ஒவ்வொருவரும் தம் வீட்டை நேரில் கொண்டுவந்து மேஜைமேல் சமர்ப்பிக்க வேண்டும், அது ஆவணமாக அலமாரியில் வைக்கப்படும் என்று உத்தரவு போட்டார். மோசடி அன்றோடு ஒழிந்தது. லெம் இரண்டு ஆட்களை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் கெசையா டட்டில் என்ற விதவை, ஐந்து வருடம் முடிந்து, வெறுங்கையோடு பதிவகத்துக்கு வந்தாள்.

"வீடு கொண்டாந்திருக்கீங்களா, அம்மணி?" என்றார் பிரிம்.

"வீடு நிலத்துல இருக்கு சார்."

"எல்லாருக்கும் நிலத்துலதான் இருக்கு. கொண்டாந்தீங்களான்னு கேட்டேன்."

"அதை எப்படி சார் தூக்கிட்டு வர்றது? புல்லோட மண்ணை வெட்டி வெட்டி அடுக்கி நானும் என் வீட்டுக்காரரும் கட்டினது. பன்னண்டு அடிக்குப் பதினாலு அடி."

பிரிம் பேனாவைக் கீழே வைத்தார். சட்டப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். "அடின்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க பார்ப்போம்."

அவள் இரண்டு தடவை படித்தாள். எங்கேயும் இல்லை.

"இல்லாத ஒரு வார்த்தையை நீங்களா சேர்க்கறீங்க. எழுதினதுல ஒரு எழுத்தைத் திருத்தினாலும் ஜெயில். எனக்கு அந்த ஆசை இல்ல."

நீங்களே வந்து பாருங்கள், எட்டு மைல்தான் என்று அவள் கெஞ்சினாள். ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை பதிவாளர் நாற்காலியில் இருக்க வேண்டும் என்பது விதி, அவர் எழுந்தால் பதிவகம் மூடியதாக அர்த்தம், மூடிய பதிவகத்தின் பதிவாளர் எதைப் பார்த்தாலும் அது பார்த்ததாகாது என்று பிரிம் பொறுமையாக விளக்கினார்.

மறுநாள் கெசையா தன் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு மண்கட்டியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிரிம் அதற்கு ரசீது கொடுத்தார்: "வீட்டின் ஒரு பகுதி பெறப்பட்டது. மீதி எதிர்பார்க்கப்படுகிறது." அதற்கு அடுத்த நாள் பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்து வந்தாள். அவ்வளவு பெரிய வீட்டைக் கண்ணால் பார்த்தீர்களா என்று பிரிம் கேட்டதும், இரண்டு பேரும் அலமாரியில் இருந்த தங்கள் வீடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய் ரொம்ப நாளாகிவிட்டது என்றார்கள்.

அக்டோபர் முடிவதற்குள் பட்டா வாங்காவிட்டால் நிலம் ரயில் கம்பெனிக்குப் போய்விடும். கெசையாவுக்கு நிலத்தின் மேல் பெரிய மோகம் கிடையாது. கோடையில் வெட்டுக்கிளி, குளிரில் பனிப்புயல், நடுவில் கொஞ்சம் சோளம், அவ்வளவுதான் அந்த நிலம். ஆனால் அவள் புருஷன் ஆமோஸ் அங்கே கிடந்தான். இரண்டாவது குளிர்காலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவன் புயலில் வழி தெரியாமல், கதவுக்கு இருபது தப்படி தள்ளி விறைத்துக் கிடந்தான். அங்கேயே புதைத்தாள். தண்டவாளத்துக்காகக் கம்பெனி நட்டிருந்த முளைக்குச்சிகள் நேராக அந்த இடத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. அவன்மேல் ரயிலை ஓட விட அவளுக்கு மனமில்லை.

லெம் ஒரு சின்ன வீட்டோடு அவளைத் தேடி வந்தார்.

"வேணாம் லெம். சாகுற வரைக்கும் ஆமோஸ் ஒரு பொய் சொன்னதில்ல. அவருக்காக நான் பைபிள் மேல கை வச்சுப் பொய் சொல்லவா?"

"இதுல பொய் எங்கக்கா இருக்கு? பன்னண்டுக்குப் பதினாலு வீடு இருக்கா? இருக்கு. ஜன்னல் இருக்கா? இருக்கு. ஊர்ல எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்களுக்கு ரெண்டு. உங்க அளவுக்கு உண்மை சொல்ல இங்க ஒருத்தனாலயும் முடியாது."

அவள் ஒத்துக்கொண்டாள். மரியாதைக்காக லெம் அதற்கு ஒரு புகைபோக்கியும் வைத்துக் கொடுத்தார்.

பிரிம் அந்த வீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். முத்திரையை எடுத்தவர் நிறுத்தினார்.

"ஒரு ஆளுக்கு ஒரு வீடுதான் விதி. இதுதான் உங்க வீடுன்னா, அங்க நிக்குதே, அது என்ன?"

பிரிம் தாமே ஒரு வழி கண்டுபிடித்து எழுதினார்: "வீடு ஒன்று. மாட்டுக் கொட்டகை ஒன்று." அவள் கையெழுத்துப் போட்டாள். ஐந்து வருடம் சமைத்துத் தூங்கி அழுத வீட்டைக் கொட்டகை என்று எழுதிக் கொடுத்த வெட்கம் எட்டு மைலும் அவளோடு வந்தது. ஆனாலும் ஆமோஸ் கிடந்த மண் மிஞ்சியது.

அதே குளிர்காலத்தில் பிரதேசம் மாநிலமாக விண்ணப்பித்தது. அறுபதாயிரம் பேர் வேண்டும். தலை எண்ண வந்த அதிகாரி பனியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். பிரதேசத்துப் பதிவகங்களின் அலமாரிகளில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகள் இருந்தன. ஒரே மத்தியானத்தில் நாங்கள் மாநிலம் ஆனோம். பீரங்கி வெடித்துக் கொண்டாடியதில் ஓட்டலின் மாடம் மட்டும் போயிற்று. சட்டசபைக்கு இருபத்தெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தோம். பிரிம் சபாநாயகர் ஆனார். பதிவேட்டை வேறு யாரையும் நம்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை, ஆகவே பதிவாளராகவும் இருந்தார்.

பிறகு ஒரு வதந்தி கிளம்பியது. கிழக்கேயிருந்து ஒரு தணிக்கைக்காரர் அடிக்கோலோடு வருகிறாராம். வீட்டை அளப்பாராம்.

சாராயக் கடை மாடியில் சட்டசபை அவசரமாகக் கூடியது. உறுப்பினர்கள் எல்லாருக்கும் வீடு அலமாரியில்தான் இருந்தது. பார்வையாளராக வந்திருந்த ரயில் கம்பெனி வக்கீல் டன்ஸ்டபிள் எழுந்தார். மென்மையான குரல் அவருக்கு.

"வீட்டை இழுத்துப் பெருசாக்க முடியாதுங்க. அடியைச் சுருக்கலாம்."

அப்படித்தான் எங்கள் மாநிலத்தின் முதல் சட்டம் பிறந்தது: "இம்மாநில எல்லைக்குள் அடி எனப்படுவது அங்குலமே ஆகும்." ஒரு எதிர்ப்பும் இல்லை. தொப்பிகள் மேலே பறந்தன. முட்டை விற்க வந்து பின்னால் நின்றிருந்த கெசையா மட்டும் கையைத் தூக்கினாள்.

"அப்போ ஏக்கரை எதுல அளப்பீங்க சார்?"

பெண்களுக்கு ஓட்டு இல்லை என்றும், ஓட்டு இல்லாதவர்களுக்குச் சந்தேகம் இருக்க விதியில் இடமில்லை என்றும் சபாநாயகர் தீர்ப்பளித்தார். டன்ஸ்டபிள் மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்துத் தொப்பியை லேசாகத் தூக்கினார்.

திங்கட்கிழமை புதிய அளவுச் சங்கிலியோடு ஆட்கள் வந்தார்கள். நூற்று அறுபது ஏக்கர், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல் என்று ஆனது. ஊரில் இருபத்தைந்து அடி மனைகள் இரண்டடி ஆயின. ஓட்டல் மனையில் அதன் வாசற்படி மட்டும் நின்றது, ஓட்டல் வேறொருவர் நிலத்தில் இருந்தது. மிஞ்சிய நிலம் முழுவதும், கம்பெனியோடு முன்பே போட்டிருந்த ஒப்பந்தப்படி, கம்பெனிக்குப் போயிற்று. கம்பெனி எல்லாருக்கும் மிகுந்த பணிவோடு ஒரு கடிதம் அனுப்பியது. தன் நிலத்தில் நிற்கும் கட்டடங்களைக் காலி செய்யச் சொல்லியிருந்தது. சட்டசபையும் தெருவுக்கு வந்தது.

கெசையா தன் ஒரு ஏக்கரை வீட்டையும் ஆமோஸையும் சுற்றி அளந்துகொண்டாள். சோளக்காடு போயிற்று. கிணறும் போயிற்று. கம்பெனியின் முளைக்குச்சிகள் ஆமோஸின் காலடி வரை வந்து நின்றன.

மாநிலம் முழுவதிலும் தன் சொந்த நிலத்துக்குள் முழுதாக நின்ற கட்டடம் அவளுடையது ஒன்றுதான். மற்றவர்கள் யாரும் தங்கள் நிலத்தில் வீடு கட்டியிருக்கவில்லையே. அடுத்த நவம்பரில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மூன்று வண்டிகளில் சட்டசபை அவள் கதவுக்கு முன்னால் வந்து இறங்கியது.

"மாநிலத்தின் பெயரால் இந்த வீடு தேவைப்படுது, அம்மணி," என்றார் பிரிம். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"எந்த வீடு சார்?"

"இதுதான்."

"இது வீடா? உங்க பதிவேட்டைப் பாருங்க."

பிரிம் பார்த்தார். அவர் கையெழுத்திலேயே மாட்டுக் கொட்டகை என்று இருந்தது. கொட்டகையில் கால்நடைகள் மட்டுமே தங்கலாம் என்பது விதி. எழுதினதை மாற்றிவிடலாமே என்றார் ஒரு உறுப்பினர். பிரிம் அவரை நடுங்கிக்கொண்டே முறைத்தார்.

சபை பனியிலேயே கூடியது. கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு, கூட்டத்தொடர் முடியும் வரை உறுப்பினர்களை மாடுகள் என்று பதிவு செய்துகொள்வது என ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இருபத்தெட்டு உருப்படிகள் என்று பிரிம் எழுதினார். நிறம் என்ற இடத்தில் அவரவர் கோட்டின் நிறத்தைக் குறித்துக்கொண்டார். உரிமையாளர் என்ற இடத்தில் கெசையா டட்டில் என்று எழுதிவிட்டு, கணப்புக்குப் பக்கத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்த கெசையா, சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தாள். அடி, ஏக்கர் என்ற சொற்கள் எங்குமே வராத ஒரு சட்டம் அதில் இருந்தது. மேய்ச்சல் சட்டம். மாடு கோல் வைத்து அளக்காது என்பதால் யாரும் அதில் கை வைக்கவில்லை. அது சொன்னது: "கொட்டகையில் பதிவான கால்நடைகளை உரிமையாளர் தினமும் வெளியே ஓட்ட வேண்டும். விடிந்து பொழுது சாய்வதற்குள் அவை சுற்றி வரும் நிலம் முழுவதும், இப்போது யார் கையில் இருந்தாலும், அந்த உரிமையாளருடையது."

காலையில் அவள் கதவைத் திறந்து, கையில் ஒரு குச்சியோடு நின்றாள்.

"கிளம்புங்க."

வால்கோட்டும் உயரத் தொப்பியுமாக எங்கள் சட்டசபை வரிசையாக நடந்தது. பழைய எல்லைக்கல்லிலிருந்து பழைய எல்லைக்கல் வரை, சோளக்காட்டைச் சுற்றி, கிணற்றைச் சுற்றி, முளைக்குச்சிகளுக்கு வெளியே, தன் பழைய நிலம் அத்தனையையும் வளைத்து அவள் ஓட்டினாள். பொழுது நிறைய மிச்சம் இருந்தது. இன்னும் நாலு பேர் நிலத்தை வளைத்திருக்கலாம். தனக்கு உரியது போதும் என்று திரும்பிவிட்டாள்.

டன்ஸ்டபிள் குதிரையில் பறந்து வந்தார். இதுகளெல்லாம் மாடே இல்லை என்று கத்தினார். பிரிம் வாழ்க்கையில் அவ்வளவு புண்பட்டதில்லை. பதிவேட்டைத் திறந்து நீட்டினார்.

"இதுல இருக்கறதுதான் சார் மாடு. எழுதினதுல ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது."

கெசையாவின் நிலம் கெசையாவுக்கே வந்தது. அவள் முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். அன்று அவள் ஆமோஸ் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்ததாகச் சொல்கிறார்கள்.

செய்தி ஊருக்குள் வந்ததுதான் தாமதம், மறுநாள் விடிவதற்குள் பதிவேடு இருந்த அந்தக் கொட்டகை வாசலில் வரிசை நின்றது. நான் நாற்பத்திரண்டாவது ஆள். எனக்கு முன்னால் லெம். உரிமையாளர் வேண்டும் என்பதால் நான் அவருக்கு மாடானேன், அவர் எனக்கு மாடானார். கொம்பு உண்டா என்று பிரிம் கேட்டார். உண்டு என்றேன். இரண்டு வாரத்தில் எல்லாரும் தங்கள் நிலத்தை நடந்தே மீட்டுக்கொண்டோம்.

அடுத்த கணக்கெடுப்பில், வரிசைக்கு வராத கெசையா ஒருத்திதான் மாநிலத்தில் மனிதர் என்று பதிவானாள். பெண் என்பதால் அவளுக்கு ஓட்டு இல்லை. தேர்தல் மட்டும் வழக்கம்போல நடந்தது. அதே இருபத்தெட்டுப் பேரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தோம்.